முப்பத்தோராம் நாள்

"எட்டு வரட்டும் அம்முணி. எட்டு வந்துதுன்னா நானே போய்க் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டு வர்றேன்" என்றார் வடிவேல்.

அவர் தட்டில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த சுகுணாவின் கை ஒரு கணம் நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மகள் மிருதுளா நம்ப முடியாமல் அப்பாவைப் பார்த்தாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களாப்பா?"

"பின்ன? நம்ம வீட்டுக்குன்னு ஒரு முறை இருக்குதல்ல? எனக்கும் உங்கம்மாவுக்கும் எட்டுன்னு சொன்ன கம்ப்யூட்டர் அது. அது என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்பட்டவன்."

சொல்லிவிட்டுக் கூடத்துச் சுவரைப் பெருமையாக ஏறிட்டுப் பார்த்தார். சாமி படங்களுக்குப் பக்கத்தில், அதே அளவு கண்ணாடிச் சட்டத்துக்குள், மஞ்சள் பாரித்த ஒரு தாள் தொங்கியது. 'சண்முகவடிவேல் – சுகுணா. பத்துக்கு எட்டு. உத்தமம்.' வீட்டுக்கு வருகிற யாரையும் அதைப் பார்க்காமல் அவர் அனுப்பியதில்லை.

சுகுணாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் எட்டுதான் சொல்லும். யாருக்குப் போட்டாலும் எட்டுதான் சொல்லும். அது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

உடுமலையில் அந்த 2037-ஆம் வருஷம் இரண்டு பேர் மனம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. இணைமானி என்கிற அரசாங்க இயந்திரம் ஒத்துக்கொள்ள வேண்டும். பையன், பெண் இருவரின் ரத்தம், வேலை, பேச்சு, குடும்பத்துப் பழைய சரித்திரம் எல்லாவற்றையும் படித்துவிட்டு மானி நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுக்கும். ஐம்பதுக்குக் கீழே போனால் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் சேர்ந்து வீடு கேட்க முடியாது, ஒரே மருத்துவக் காப்பீட்டில் இரண்டு பேர் இருக்க முடியாது, பிள்ளை பிறந்தால் விடுப்பு கிடையாது. இவ்வளவும் இல்லாமல் எந்தத் தகப்பன் பெண்ணைக் கொடுப்பான்?

மிருதுளாவுக்கும் அவள் கட்டிக்கொள்ள நினைத்த அகிலனுக்கும் முப்பத்தெட்டு வந்திருந்தது.

மேல்முறையீட்டுக்கு ஒரு வழி இருந்தது. குடும்பத்தார் வழிவழியாக நம்பிய பொருத்த முறை ஏதாவது இருந்தால், அதே கருவியில் போட்டு, ஃபோனில் வீடியோ பதிவெடுத்து அனுப்பலாம். பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ வந்தால் மானி இருபது மதிப்பெண் சேர்த்துக் கொடுக்கும். முப்பத்தெட்டும் இருபதும் ஐம்பத்தெட்டு. தாண்டிவிடலாம். மானி அலுவலகத்தில் முடிவு சொல்லும் ஜன்னலில்தான் மிருதுளாவுக்கு வேலை. விதிகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

மறுநாளே அகிலன் வந்துவிட்டான். காற்றாலை ரிப்பேர் செய்கிற பையன். நூறடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன், இந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தான்.

"மேல ஏறி அந்த டப்பாவ எறக்குங்க தம்பி. உங்களுக்குத்தான் ஒசரம் பழக்கமாச்சே" என்றார் வடிவேல்.

"சரிங்க சார்."

பரணிலிருந்து பென்டியம் பெட்டி இறங்கியது. மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க். சுகுணா வேலை பார்த்த சுடர் கம்ப்யூட்டர்ஸை மூடியபோது முதலாளி இதையெல்லாம் அவளுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அகிலன் மூடியைக் கழற்றித் தூசியை ஊதினான். இரண்டு பாகத்தை மாற்றிப் பற்றவைத்தான். காய்ந்துபோன பிரிண்டர் ரிப்பனுக்கு வடிவேல் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். சி.டி. தட்டு வெளியே வர மறுத்தபோது, சுகுணா தாலிக்கொடியிலிருந்து ஊக்கை எடுத்துச் சின்னத் துளையில் குத்தினாள். தட்டு நாக்கை நீட்டியது.

"அம்மா! இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள் மிருதுளா.

"தெனமும் பத்துத் தரம் குத்துவேன் கண்ணு."

1999-இல் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த டிஸ்க் அது. உள்ளே ஐம்பது ஷேர்வேர் புரோகிராம்கள். முப்பது நாள் சும்மா போட்டுப் பார், பிடித்திருந்தால் பணம் கட்டிப் பதிவு செய்துகொள் என்கிற வகை. அதில் ஒன்று ஜாதகப் பொருத்தம். சுடர் கம்ப்யூட்டர்ஸ் வாசலில் 'கம்ப்யூட்டர் பொருத்தம் பார்க்கப்படும்' என்று முதலாளி போர்டு மாட்டியதும் உடுமலையே திரண்டு வந்தது. இருபத்திரண்டு வயது சுகுணாதான் ஆபரேட்டர்.

முப்பது நாள் ஒழுங்காகப் பார்த்தது. முப்பத்தோராம் நாள் முதல், வந்தவர்களுக்கெல்லாம் எட்டு. கட்டம் சரியாகத்தான் போட்டது. பொருத்தம் மட்டும் எப்போதும் எட்டு. அடியில் பொடி இங்கிலீஷில் ஒரு வரி: 'பதிவு செய்யாத பிரதி. முப்பது நாள் முடிந்தது, பிடித்திருந்தால் பதிவு செய்யவும். இது மாதிரி முடிவு மட்டுமே.' முதலாளி காகிதச் சிக்கனம் பார்க்கிறவர். அரைத்தாளோடு கிழித்துக் கொடுப்பார். அந்த வரி கீழ்த்தாளோடு குப்பைக்கூடைக்குப் போய்விடும். சுகுணா சொல்லிப் பார்த்தாள். "ஜனங்க சந்தோஷமா போறாங்கல்ல? விடு" என்று விட்டார்.

அப்போதெல்லாம் பால் சொசைட்டித் தீர்மானங்களை டைப் அடிக்க வாரம் தவறாமல் வருவார் வடிவேல். ஒரு பக்கத் தீர்மானத்துக்கு மூன்று முறை திருத்தம் சொல்வார். ஒரு நாள் தீர்மானத்தோடு இன்னொரு சீட்டையும் நீட்டினார். இரண்டு பேரின் பிறந்த விவரம். ஒன்று அவருடையது. இன்னொன்று அவளுடையது.

"இதையும் ஒண்ணு போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

எட்டுதான் வரும் என்று தெரிந்தே சுகுணா என்டரைத் தட்டினாள். வாயால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, முழுக்க ஏமாற்றவும் மனம் வரவில்லை. அதனால் அந்த ஒரு தாளை மட்டும் முழுசாக, அடிவரியோடு கொடுத்தாள். படித்துக் கேட்டால் சொல்லிவிடலாம். அவர் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே தாள் சட்டத்துக்குள் ஏறிவிட்டது. அடிவரியைக் காணோம். கண்ணாடிக் கடைக்காரன் வெட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. சொந்தக்காரர்களெல்லாம் அவருக்கு வேறு கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். அப்போதெல்லாம் வடிவேல் சுவரைக் காட்டுவார். "எட்டுப் பொருத்தம். இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?" ஒவ்வொரு முறையும் சுகுணா அடுப்படிக்குள் நுழைந்துகொள்வாள். பொய்யான ஒரு தாளை நம்பி இந்த மனிதர் ஊரோடு மல்லுக்கு நிற்கிறாரே என்று நெஞ்சு வெந்துபோகும். மிருதுளா பிறந்த பிறகும் சொல்லும் தைரியம் வரவில்லை.

"ஆண்ட்டி, பேட்டரி செத்துப்போச்சுங்க" என்றான் அகிலன். "போட்டா தேதி பின்னாடி எங்கயோ போயிருது. 1998 ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது. பரவால்லீங்களா?"

"அதுக்கென்ன தம்பி, பரவால்ல" என்றாள் சுகுணா. தேதியைப் பற்றி யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. எட்டு வரப்போகிறது, மகளின் முகம் மலரப்போகிறது, அது போதும்.

மிருதுளா பதிவெடுக்க ஃபோனை எடுத்தாள். "மொதல்ல சும்மா ஒருக்கா போட்டுப் பாத்துருவோம்" என்று வடிவேல் தடுத்தார்.

பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. தினம், இல்லை. கணம், உண்டு. மகேந்திரம், இல்லை. முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்காத சொல் அது, இல்லை. ரஜ்ஜு, இல்லை. வேதை, இல்லை. கடைசியில் கூட்டுத்தொகை வந்து நின்றது.

பத்துக்கு மூன்று.

வடிவேலின் முகம் வெளுத்துவிட்டது. மிருதுளா ஃபோனைக் கீழே வைத்தாள். அகிலன் எழுந்து, ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட ஆரம்பித்தான். ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் போட அவனுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

சுகுணா மானிட்டரின் மூலையைப் பார்த்தாள். 1998 ஜனவரி. டிஸ்க்கை முதலில் போட்ட நாளுக்கும் முந்திய தேதி. முப்பது நாள் இன்னும் முடியவில்லை என்று புரோகிராம் நினைத்துக்கொண்டுவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அது உண்மை பேசுகிறது.

"ஏனுங்க" என்றாள். "நான் ஒண்ணு சொல்லோணும். நம்ம எட்டு நெசமில்லீங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்தோராம் நாள், மாதிரி முடிவு, அரைத்தாள், குப்பைக்கூடை. சொல்லச் சொல்ல அவர் முகத்தைப் பார்க்கும் தெம்பு இல்லாமல், கீபோர்டையே பார்த்துச் சொல்லி முடித்தாள்.

வடிவேல் எழுந்தார். சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மடியில் கவிழ்த்து வைத்து, பின்புறத்து ஆணிகளைக் கத்தி முனையால் நெம்பினார்.

"ஏனுங்க, அதைக் கிழிச்சுப் போடாதீங்க..."

"சும்மா இரு சுகுணா."

தாள் வெளியே வந்தது. அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பின்பக்கமாக மடித்திருந்தது. வடிவேல் நகத்தால் மடிப்பை நீவிப் பிரித்தார். பொடி எழுத்து வரி, மை கூட மங்காமல் அங்கேயே இருந்தது.

"எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். சொசைட்டித் தீர்மானம் எழுதறவன்ல?" என்றார். "எங்கய்யன் பாத்தா கல்யாணத்துக்கு ஒத்துக்க மாட்டாரு. அதான் மடிச்சு வெச்சுக் கண்ணாடி போட்டேன்."

சுகுணா அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, அந்தப் பதினோரு வருஷமும்..."

"தெரிஞ்சுதான் காட்டினேன். அவங்க வாய அடைக்க வேற என்ன இருந்துது எங்கிட்ட?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிருதுளாதான் முதலில் சுதாரித்தாள்.

"அப்பா! எட்டு வந்தாத்தான் கட்டிக் குடுப்பேன்னு சொன்னீங்க?"

"எட்டுதான் வரும்னு தெரியும்ல! எனக்குத் தெரியும்னு உங்கம்மாகிட்டக் காட்டிக்காம ஒங்க காரியத்த முடிச்சுரலாம்னு பாத்தேன். இந்தச் சனியன் பேட்டரி காலை வாரி உட்டுருச்சு." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நம்மளுதப் போடு சுகுணா. நெசம் என்னன்னு பாத்துருவோம்."

போட்டாள். பத்துக்கு இரண்டு.

"ரெண்டா? நான் ஒண்ணுன்னுல்ல நெனச்சேன்" என்றார் வடிவேல்.

அகிலன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். அப்புறம் மெதுவாகக் கேட்டான். "அப்போ தேதியை முன்னாடி தள்ளி வெச்சா எங்களுக்கும் எட்டு வந்துரும். பதிவெடுத்து அனுப்பிரலாமுங்களா?"

சுகுணா தேதியை மாற்றக் கையை நீட்டியேவிட்டாள். இரண்டு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

மிருதுளா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, எத்தனை பேருக்கு இப்படி எட்டுப் போட்டுக் குடுத்தீங்க?"

"நாலு வருஷம் கண்ணு. நானூறு ஜோடிக்கு மேல இருக்கும்."

"அந்தத் தாளெல்லாம் மானிகிட்ட இருக்கும்மா." அவள் குரல் தாழ்ந்தது. "கல்யாணம்னா என்னன்னு மானிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஊர்லயும் பழைய ஜோடிகளைக் காட்டித்தான் பழக்கினாங்க. நம்ம வட்டத்துக்குக் காட்டினது சுடர் கம்ப்யூட்டர்ஸ் தாளு. எட்டு வாங்கின நானூறு ஜோடில பிரிஞ்சது பத்துப் பதினஞ்சுதான். அதனால எட்டுத்தாள் உள்ள குடும்பம் உசத்தின்னு அது கத்துக்கிச்சு. தாள் இல்லாத வீடு மட்டம். அகிலனோட அப்பா அம்மா லவ் மேரேஜ், தாளே கெடையாது. முப்பத்தெட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது."

"அப்படின்னா பிரியாம இருந்தவங்கல்லாம்..."

"சும்மாவே பிரியாம இருந்தவங்க. எட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன வாரம் ஒரு பொண்ணு என் ஜன்னல்ல நின்னாம்மா. நாப்பத்தொம்போது. ஒண்ணே ஒண்ணு குறைச்சல். தாள் இல்லாத வீடு. நான்தான் சொன்னேன், 'மன்னிக்கணும், அடுத்து யாருங்க'ன்னு."

சுகுணாவின் கை கீபோர்டிலிருந்து தானாக விலகிக்கொண்டது.

எட்டை அனுப்பினால் மகளின் கல்யாணம் நிச்சயம். உண்மையை அனுப்பினால் அந்த இருபது மதிப்பெண் கிடையாது. மானி திருந்துகிற வரைக்கும், திருந்தாமலே போனாலும், முப்பத்தெட்டு முப்பத்தெட்டுதான். அகிலன் மிருதுளாவைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைத் திரும்ப வெளியே எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"எழுது கண்ணு" என்றாள் சுகுணா. "சுடர் கம்ப்யூட்டர்ஸ் ஆபரேட்டர் சுகுணா எழுதிக்கொள்வதுன்னு ஆரம்பி."

"வெறும் வாய்ப்பேச்ச மானி ஏத்துக்காதும்மா. அத்தாட்சி வேணும். ஜோடியே ஆக முடியாத ரெண்டு பேர் விவரத்தைப் போட்டு எட்டு வரணும். ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

வடிவேல் சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பீட்டீங்க?"

"நாச்சிமுத்து வீட்டுக்கு. பொறந்த நேரம் கேட்டுட்டு வர்றேன்."

பால் சொசைட்டித் தலைவர் நாச்சிமுத்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் சொசைட்டி முற்றத்தில் நாலு பேர் முன்னால் வடிவேல் கொண்டுவந்து ஊற்றுகிற பாலில் தண்ணீர் என்று சொன்னவர். அன்றிலிருந்து அவர் வீட்டுத் தெருவழியாகக்கூட வடிவேல் போனதில்லை. கோயிலுக்குப் போவதானாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் சீட்டு இருந்தது, கையெழுத்தோடு.

"என்ன சொன்னாரு?"

"மொதல்ல கதவத் தொறக்கல. அப்பறம் புள்ள கல்யாண காரியம்னு சொன்னேன். தொறந்தான்."

சுகுணா தேதியை முப்பத்தோராம் நாளுக்குத் தள்ளி வைத்தாள். மிருதுளா பதிவெடுத்தாள். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு முழுத்தாளையும் அடிவரியோடு துப்பியது. சண்முகவடிவேல் – நாச்சிமுத்து. பத்துக்கு எட்டு. உத்தமம்.

பதில் வர ஆறு வாரமாயிற்று. அதற்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சிலர் தங்கள் வீட்டு எட்டுத்தாளைச் சட்டத்தோடு கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் ருக்குமணி உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். "இந்த எட்ட நம்பித்தான்டி சுகுணா, அந்த மனுசன் குடிச்சுட்டு வந்தப்பல்லாம் பொறுத்துப் போனேன். நம்ம பொருத்தம் நல்ல பொருத்தம், எல்லாம் சரியாப் போகும்னு. இப்ப வந்து மாதிரிங்கற?" சுகுணா ருக்குமணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது ருக்குமணி தாளை விட்டுவிட்டுப் போனாள்.

பதிலை மிருதுளா அலுவலகத்திலிருந்தே ஃபோனில் படித்துச் சொன்னாள். உடுமலை வட்டத்துக்குக் கொடுத்த மதிப்பெண்கள் அத்தனையும் ரத்து. மானி புதிதாகப் பழகும் வரை இங்கே யாருக்கும் மதிப்பெண் கிடையாது. அதுவரை கல்யாணம் செய்துகொள்கிற இரண்டு பேரின் கையெழுத்தே போதும். வீடு, காப்பீடு, விடுப்பு எல்லாம் உண்டு.

"அப்ப இவங்களுக்கு எத்தனைன்னு போடவே இல்லியா?" என்றார் வடிவேல்.

"போடலீங்க" என்றாள் சுகுணா.

"அப்ப நாமளேதான் யோசிச்சு முடிவு பண்ணோணுமா? அது பெரிய ரோதனையாச்சே!" என்று சொல்லிக்கொண்டே பத்திரிகை அச்சடிக்கும் கடைக்குக் கிளம்பினார்.

முகூர்த்தத்துக்கு முதல் ஆளாக அந்த நாற்பத்தொன்பது வாங்கிய பெண் வந்தாள், தன் பையனோடு. அவர்களுக்கு அடுத்த மாதம் கல்யாணம். நிச்சயத்துக்கு வராத நாச்சிமுத்து கல்யாணத்துக்கு வந்தார். வீட்டுக் கூடத்தில் காப்பியோடு நின்று சுவரைப் பார்த்தார். பழைய தாள் மடிப்பு பிரித்து முழு நீளத்துக்குத் தொங்கியது. பக்கத்தில் 'பத்துக்கு இரண்டு' என்று புதிய தாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அடிவரியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"முப்பது நாள் பாத்துட்டுப் புடிச்சா பதிவு பண்ணச் சொல்லியிருக்கானப்பா. நீ பண்ணவே இல்லியா வடிவேலு?"

"எங்க நாச்சிமுத்து? இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கறேன்."

பந்திக்குப் பாயசம் கொண்டுபோய்க்கொண்டிருந்த சுகுணா நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பி, "காப்பி எப்படிங்ணா இருக்குது?" என்றாள்.

"நல்லா இருக்குதம்மா." நாச்சிமுத்து டம்ளரை ஒரு முறை ஆற்றினார். வடிவேலைப் பார்க்காமலே சொன்னார். "பால் கெட்டியா இருக்குது."